கண்ணாடிகள் உடைந்த வரிசை

சோல்னிட்சா
19 செப்டம்பர் 2004, ஞாயிறு

அன்பு ஸ்மரந்தாவுக்கு,

வலேரியு எழுதுகிறேன். நானும் நம் பெண் தோம்னிகாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும், நீ பார்த்துக்கொள்ளும் ப்ரூனா அம்மாவும் த்ரெவீசோவில் அப்படியே இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போனில் பேசும்போது கார்டு தீர்ந்துவிடுமோ என்கிற அவசரத்தில் கேட்க நினைத்தது எல்லாம் மறந்துபோகிறது. அதனால்தான் எல்லை தாண்டி அங்கே வரும் நேலுவின் வேனில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஆறு பாட்டில் ப்ளம் ஜாம், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. ஜாம் தோம்னிகா கிளறியது. கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. அவளிடம் சொல்லாதே.

மாடி ஜன்னல்கள் நான்கும் பொருத்தியாகிவிட்டது. நீ கேட்ட அதே பச்சை நிறம்தான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். சமையலறைக் கதவு மட்டும் சரியாகச் சாத்துவதில்லை. ஜூலையில் இழைத்துச் சரிசெய்தேன், ஆகஸ்டில் மறுபடி முட்டியது. மறுபடி இழைத்தேன். இப்போது மேலே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது, கீழே தரையைத் தொட்டு நிற்கிறது. மரம் பச்சையாக இருந்திருக்கும் என்று தச்சர் சொல்கிறார். இருக்கலாம்.

இந்த வருஷம் ப்ளம் நன்றாகக் காய்த்தது. ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கிறது. விழுகிற பழங்கள் எல்லாம் உருண்டு போய்க் கிணற்று மூலையில் சேர்ந்துவிடுகின்றன. காலையில் பொறுக்கப் போனால் தோட்டம் முழுக்கத் தேட வேண்டியதில்லை, அங்கே குவியலாகக் கிடக்கும். நாம் மனை வாங்கும்போது அந்த இடம் மேஜைபோல் மட்டமாக இருந்ததே. கிணற்றுத் தண்ணீர் சிறிது கரிக்கிறது. குடிப்பதற்கு தேவாலயக் குழாயிலிருந்து கொண்டுவருகிறோம். இதற்காகக் கவலைப்படாதே. உப்புச் சுரங்கம் இருந்த ஊரில் தண்ணீர் கரிக்காமல் என்ன செய்யும்?

பள்ளிக்கூடத்தில் ஒரு கூத்து. மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகள் உடற்பயிற்சிக் கூடத்தின் பின்சுவரில் வரிசையாக நின்று சுவரை நக்குகின்றன. விரட்டினால் போகாது, அடித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நக்கும். பூச்சுக்குமேல் வெள்ளையாகப் பூனைமயிர் மாதிரி உப்பு பூத்திருக்கிறது. நாய்கள் நேர் எதிர். அந்த முற்றத்துக்குள் ஒரு நாய்கூட இப்போது காலெடுத்து வைப்பதில்லை, வாசலிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. பிள்ளைகள் கூடத்தின் தரையில் காதை வைத்துக் கேட்டார்களாம். கீழே யாரோ நாற்காலி மேஜையை இழுத்துப் போடுகிற சத்தம் வருகிறதாம். அந்தக் கட்டடத்துக்குக் கீழே அறை கிடையாது.

இனி நம் பெண்ணைப் பற்றி. அவளை மாணவர் மன்றத்துக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் காகிதத் தோரணம் கட்டுகிற மன்றம் என்று நீயும் நானும் நினைத்தோம். போன வாரம் எனக்காக நகராட்சி அலுவலகத்தில் காத்திருந்தபோது அவள் அறிவிப்புப் பலகையைப் படித்திருக்கிறாள். மூன்று வருஷமாக அங்கே தொங்குகிற சட்ட நகல் அது. அரசு அலுவலகத்தில் இருக்கும் எந்தக் காகிதத்தையும் எவரும் எழுதிக் கேட்கலாம், பத்து நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பலகையை மாட்டியவன் நான். ஒருநாளும் படித்ததில்லை.

புதன்கிழமை அலுவலகத்தில் என் பதிவாளர் ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நான்கு பேர். முறை வந்ததும் ஒரு தாளை நீட்டினாள். பள்ளிக்குக் கீழே போகும் பழைய சுரங்கப் பாதைகளின் வரைபட நகல் வேண்டும் என்று எழுதி, நாற்பத்து மூன்று பிள்ளைகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "பதிவு எண் போட்டுக் கொடுங்க, ஐயா" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. நானும் சிரிக்காமல் முத்திரை குத்தி எண் எழுதிக் கொடுத்தேன். மாலையில் அவளே ரொட்டி வெட்டி என் தட்டில் வைத்தாள், அப்பா என்றுதான் கூப்பிட்டாள். உன்னைப் போலவே இருக்கிறாள்.

பத்து நாளில் பதில் கொடுத்துவிடுவேன். அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். குளிர் ஆரம்பிக்கும் முன் உன் பழைய கோட்டை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள். வீட்டுக்கு இனி அதிகம் வேண்டியதில்லை.

கர்த்தர் உன் வேலையையும் தூக்கத்தையும் இலகுவாக்கட்டும்.

உன் வலேரியு


சோல்னிட்சா
17 அக்டோபர் 2004, ஞாயிறு

அன்பு ஸ்மரந்தாவுக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. காப்பித்தூளும் தோம்னிகாவுக்கான பூட்ஸும் பத்திரம். பூட்ஸ் அளவு சரியாக இருக்கிறது. பள்ளிக்குப் போட்டுப் போகிறாள்.

போன ஞாயிறு போனில் அவள் குரல் ஏன் அப்படி இருந்தது என்று கேட்டாய். சளி என்று சொன்னேன். சளி இல்லை. அவள் என்னோடு பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், சமைப்பாள், துணி மடிப்பாள். தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அவர்கள் கேட்ட வரைபடத்துக்குப் பதில் கொடுத்தேன். அந்த ஆவணம் நகராட்சிக் காப்பகத்தில் இல்லை என்று ஒரு வரி, கீழே என் கையெழுத்து. அவளே வந்து வாங்கினாள். நின்று இரண்டு முறை படித்தாள். பிறகு, "இது உங்க கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வரைபடம் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தோம், நானும் நகராட்சித் தலைவர் ப்ரிக்கோப்பும். பிள்ளைகள் விடவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் மகன் கோஸ்மின் உனக்குத் தெரியும், காது பெரிதாக இருக்குமே, அவன் தன் அப்பா கடையில் மிஞ்சும் கண்ணாடித் துண்டுகளை விரல் அகலத்துக்கு அறுத்துக் கொண்டுவந்தான். வீடு வீடாகப் போய், சுவரில் விரிசல் இருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு துண்டை வைத்து இரண்டு முனையிலும் சாந்து பூசினார்கள். பக்கத்தில் தேதி. சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். இந்த யோசனையை ஏதோ கட்டட வேலைப் புத்தகத்தில் படித்தார்களாம். ஐம்பத்தெட்டுத் துண்டுகள் ஒட்டினார்கள். ஊரார் சிரித்தார்கள். ரொட்டிக்கடை லியோன்டினா அவர்களிடம், "என் சுவருக்கு மட்டும் கலர் கண்ணாடியா ஒட்டுங்கடா, பார்க்க அழகா இருக்கும்" என்றாளாம்.

முதல் வாரம் ஒன்றும் உடையவில்லை. இரண்டாவது வாரம் சந்தைத் தெருக் கோடியில் ஒன்று உடைந்தது. மறுநாள் அதற்கு அடுத்த வீட்டில். அதற்கு மறுநாள் அடுத்தது. யாரும் அதிர்வு எதையும் உணரவில்லை, ஒரு தட்டுகூட அசையவில்லை. பட்டப்பகலில், ஆள் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே, சுவரில் டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் கண்ணாடி இரண்டாகியிருக்கும். போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தோம். கல்லறைச் சந்தின் ஏழு வீட்டிலும் ஏழு துண்டும் உடைந்திருந்தன. உள்ளே நாங்கள் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. அன்று வாசலில் யாரும் நின்று பேசவில்லை, நேராக வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு லியோன்டினா சிரிப்பதில்லை. கடையில் நிற்கும்போது முதுகைச் சுவர்ப் பக்கம் காட்டாமல் நிற்கிறாள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைந்தால் பயம் வராது, ஸ்மரந்தா. அவை வரிசையாக உடைகின்றன. கீழே யாரோ மெதுவாக நடந்து போவது மாதிரி, ஒரு நாளைக்கு ஒரு வீடு, சில நாள் ஒரு சந்து முழுக்க. பிள்ளைகள் ஒவ்வொரு தேதியையும் மெல்லிய தாளில் புள்ளியாக வைத்துக் கோடு இழுக்கிறார்கள். அந்தக் கோடு பள்ளிக்கூடத்தை நோக்கிப் போகிறது.

இப்போது நகர்மன்றத்துக்கு மனு எழுதிக்கொண்டு கையெழுத்துக்கு அலைகிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். பெரியவர்கள் ஒருவரும் போடவில்லை. கதவைத் திறந்து கேட்டுக்கொள்கிறார்கள், கேக் கொடுக்கிறார்கள், பேனாவை மட்டும் வாங்குவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன் வீட்டுக்குக் கீழே பள்ளம் என்று தானே எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டை நாளைக்கு யார் வாங்குவார்?

நம் படுக்கையறைச் சுவரிலும் ஒன்று ஒட்டியிருக்கிறாள், என்னைக் கேட்காமல். அது முழுசாக இருக்கிறது. நீ கவலைப்படாதே.

ப்ரூனா அம்மாவுக்கு என் வணக்கம் சொல். கர்த்தர் உங்கள் இருவருக்கும் காவலாயிருக்கட்டும்.

உன் வலேரியு


சோல்னிட்சா
21 நவம்பர் 2004, ஞாயிறு

அன்பு ஸ்மரந்தாவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: தோம்னிகாவுக்கு ஒன்றும் இல்லை. கால் கை முழுசாக, பசியோடு, பக்கத்து அறையில் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் ஒன்றும் இல்லை. போனில் பள்ளிக்கூடம் இடிந்தது என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை உன் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

போன கடிதத்தில் உன்னிடம் இரண்டு பொய் சொன்னேன். படுக்கையறைக் கண்ணாடி முழுசாக இருக்கிறது என்று எழுதினேன். அதற்கு மூன்று நாள் முன்னாலேயே உடைந்துவிட்டது. நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், காலை எட்டு மணி இருக்கும். உன் தலையணைக்கு நேர் மேலே டிக் என்றது. தோம்னிகா வந்து பார்த்துத் தேதியை எழுதிக்கொண்டு போனாள்.

இன்னொரு பொய் வரைபடம். அது காப்பகத்தில் இருக்கிறது. என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில், கீழ்த் தட்டில், துணியில் ஒட்டிய பெரிய சுருள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சுரங்கக்காரர்கள் வரைந்தது. ஆழத்தில் தண்ணீரை விட்டு உப்பைக் கரைத்துக் கரைத்து மேலே இழுத்த இடம் எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகளின் மனு வந்த அன்று சாயங்காலமே நான் அதை விரித்துப் பார்த்தேன். மறுநாள் ப்ரிக்கோப்பிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ஒரு இடத்தில் விரலை வைத்து, "வலேரியு, இது உன் வீடுதானே? உன் பெண்டாட்டி அஞ்சு வருஷமா அங்க கிழவியைக் குளிப்பாட்டிக் கட்டின வீடு. இதை நீயே வெளியில விடப் போறியா?" என்றார்.

சுருளைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஆவணம் இல்லை என்று தட்டச்சு செய்தேன். அவர் சொல்லிச் செய்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உன் பச்சை ஜன்னல்களை நினைத்துச் செய்தேன்.

நகர்மன்றக் கூட்டம் அக்டோபர் 28, வியாழக்கிழமை பிற்பகல். அந்தக் கூட்டத்துக்கு யாரும் வந்து உட்காரலாம் என்பதையும் பிள்ளைகள் அதே பலகையிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். இருபது வருஷத்தில் பார்வையாளர் நாற்காலியில் ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. யாரும் கிசுகிசுக்கவில்லை. பதினொரு உறுப்பினர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேர் அத்தனை அமைதியாக உட்கார்ந்தால் அந்த அறை எப்படி இருக்கும் என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. சுவரின் மறுபக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

தோம்னிகா எழுந்தாள். வயது வராதவர்கள் மன்றத்தில் பேச முடியாது என்று ப்ரிக்கோப் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள், "சட்டத்துல எவரும்னுதான் போட்டிருக்கு, ஐயா. வயசு போடல" என்றாள். பிறகு நான்கு நிமிஷம் படித்தாள். ஒவ்வொரு வீட்டு எண்ணையும் தேதியையும் படித்தாள். நம் வீட்டு எண்ணையும் படித்தாள், மற்ற எண்களைப் படித்த அதே குரலில். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை: பள்ளியை உடனே மூடி, பிள்ளைகளை மேட்டுத் தெருவுக்கு மாற்ற வேண்டும்.

ப்ரிக்கோப் பிள்ளைகளின் உழைப்பைப் பாராட்டினார். மாவட்டத்திலிருந்து நிபுணர் குழு வரும் என்றார். அதுவரை ஊரைப் பயமுறுத்தக் கூடாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பதிவேட்டில் ஏறட்டும் என்று, "பதிவாளரே, அப்படி ஒரு வரைபடம் நம்மகிட்ட இருக்கா?" என்று கேட்டார்.

நான் எழுந்து அறையை விட்டு வெளியே போனேன். பயந்து ஓடிவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள், தோம்னிகாவும்தான். பிறகு சொன்னாள். அலமாரியைத் திறந்தேன். சுருளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தேன். கோஸ்மின் எழுந்து வந்து, அவர்களுடைய மெல்லிய தாளை அதன்மேல் போட்டு, தேவாலயத்தையும் சந்தையையும் பொருத்திப் பிடித்தான். ஸ்மரந்தா, அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்காத ஒன்றை வரைந்திருந்தார்கள். அவர்களுடைய பென்சில் கோடு கீழே இருந்த மைக்கோட்டின்மேல் அப்படியே படிந்தது. கல்லறைச் சந்தில் திரும்புகிற வளைவுகூட. அவர்கள் கோடு பள்ளிக்குப் பத்தடி முன்னால் நின்றிருந்தது. அடியில் இருந்த கோடு நிற்கவில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கீழே போய்ப் பெரிய வட்டமாக விரிந்தது. அந்த வட்டத்துக்குள் சிவப்புப் பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: "நிரப்பப்படவில்லை."

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. நிபுணர் குழு வரட்டும் என்று ஆறு பேர், உடனே மூடலாம் என்று ஐந்து பேர்.

ஆமாம். பார்த்த பிறகும் ஆறு பேர். அந்த ஆறு பேரும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேர் வீடு அந்தக் கோட்டின்மேல் இருக்கிறது. ஒருவர் தெருமுனையில் புதிதாகக் கடை கட்டுகிறார். ஒரு மாதத்துக்கு முன்னால் நான் யோசித்ததைத்தான் அவர்கள் அன்றைக்கு யோசித்தார்கள்.

பிள்ளைகள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. தோம்னிகா மறுபடி எழுந்து, "யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு பேரோட எழுதச் சொல்லுங்க. அதுக்கும் எங்களுக்கு உரிமை இருக்கு" என்றாள். எழுதுகிறவன் நான்தானே. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினேன். ஆறு பேரும் தங்கள் பெயர் வரும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது அவள் என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள், ஐந்து வயதில் செய்தது மாதிரி.

மறுநாள் காலை பள்ளி மணி அடித்தது, ஒரு பிள்ளையும் உள்ளே போகவில்லை. முற்றத்தில் கிடந்த பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தையின் காலிக் கடைக் கூரைகளுக்குக் கீழே போட்டார்கள். அந்த இடம் கோட்டுக்கு அப்பால். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியை வந்து எல்லோருக்கும் ஆப்சென்ட் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பெற்றவர்கள் சிலர் காதைப் பிடித்து இழுத்துப்போக வந்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று, வீட்டுக்கு வருகிறோம், பள்ளிக்குள் போகமாட்டோம் என்றார்கள். நான்காவது நாள் தலைமையாசிரியை கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகைப் பதிவேட்டோடு வந்து, ஒரு முட்டைக்கோஸ் கடைப் பலகைமேல் உட்கார்ந்து பாடம் நடத்தத் தொடங்கினார். அதன்பிறகு மற்ற ஆசிரியர்களும் வந்துவிட்டார்கள்.

எட்டாவது பள்ளி நாள், நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை. அன்று காலையிலேயே ஆடுகள் பள்ளிச் சுவருக்கு வரவில்லை. பதினொன்றேகாலுக்கு நான் அலுவலக வாசலில் நின்றிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதைத்தான் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. தூங்குகிறவர் ஒருமுறை நீளமாக மூச்சு விட்டுத் திரும்பிப் படுப்பது மாதிரி ஒரு சத்தம். பிறகு பள்ளிக்கூடப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது, தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு. வாயில் உப்புக் கரித்தது.

ஓடினோம். உடற்பயிற்சிக் கூடத்தின் நான்கு சுவரும் கூரையும் நின்றுகொண்டிருந்தன. தரை இல்லை. கதவைத் திறந்தால் வாசற்படிக்குக் கீழே தண்ணீர். பச்சையாக, அத்தனை தெளிவாக, ஒரு அலை இல்லாமல். சாய்ந்து தொங்கிய கூடைப்பந்து வளையத்தின் வலை தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாண்டிக் குதித்துப் பழகும் தோல் மேடை தண்ணீரில் மிதந்தபடி தானாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் சுவர் ஏணியின் படிகள் கீழே போய்க்கொண்டே இருந்தன, வெளிச்சம் போகும் மட்டும். அடியைப் பார்த்தவர் யாரும் இல்லை. மாலைக்குள் வகுப்பறைப் பகுதியும் போய்விட்டது.

சந்தையில் தலைமையாசிரியைக்குப் பதிவேட்டைப் பிடிக்கக் கை வரவில்லை. கோஸ்மின் வாங்கிப் பெயர் கூப்பிட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் "இருக்கேன்" என்றது. ஊரே நின்று கேட்டது. அந்த ஆறு பேரில் ஒருவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய பேரனின் பெயர் வந்தபோது மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த நேரத்தில் யார் வகுப்புக்கு உடற்பயிற்சி என்று நான் யாரையும் கேட்கவில்லை. கால அட்டவணை நம் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, உனக்கும் நகல் அனுப்பியிருக்கிறாள். நீயே பார்த்துக்கொள். இல்லை, பார்க்காமலே இருந்துவிடு.

நிபுணர் குழு மறுநாள் இரண்டு காரில் வந்து சிவப்பு நாடா கட்டியது. பள்ளி இப்போது மேட்டுத் தெருப் பழைய தறிக்கூடத்தில் நடக்கிறது. ப்ரிக்கோப் இன்னும் தலைவராகத்தான் இருக்கிறார். என்னிடம் அலமாரிச் சாவியைத் திருப்பிக் கேட்டார், கொடுத்துவிட்டேன். வரைபடத்தின் முத்திரையிட்ட நகல் பிள்ளைகளிடம் இருக்கிறது. சட்டப்படி கேட்டார்கள், சட்டப்படி கொடுத்தேன்.

இனி வீடு. நாங்கள் பன்னிரண்டாம் தேதியே பாதிரியார் வீட்டு மாடிக்கு வந்துவிட்டோம். உன் பீங்கான் சாமான்கள், தையல் மிஷின், கல்யாணப் படம் எல்லாம் எடுத்தாகிவிட்டது. பச்சை ஜன்னல்களை கோஸ்மினின் அப்பா சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தார். அவை இல்லாமல் வீட்டைப் பார்க்க முடியவில்லை. பகலில் அந்தப் பக்கம் போகும்போது சமையலறைக் கதவு மெதுவாகத் திறந்து மூடுவது தெரிகிறது, காற்றே இல்லாத நாளிலும். உள்ளே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் போவதில்லை. உன்னை வரச் சொல்ல எனக்கு வீடு இல்லை, ஸ்மரந்தா. ஆனாலும் வரச் சொல்கிறேன்.

பிள்ளைகள் அடுத்த மனுவைத் தயார் செய்துவிட்டார்கள். கோட்டின்மேல் இருக்கும் தொண்ணூற்றாறு வீட்டாருக்கும் மேட்டில் மனையும் வீடும் அரசு தர வேண்டும் என்று. டிசம்பர் ஆறாம் தேதி தோம்னிகாவும் கோஸ்மினும் தலைநகரத்துக்குப் போகிறார்கள். பாராளுமன்றக் குழு ஒன்று அவர்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறது. எட்டு கடிதம் எழுதி வாங்கிய அரை மணி. ஆனால் இந்த முறை பிள்ளைகள் கையெழுத்து போதாது. வீட்டுச் சொந்தக்காரர்கள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். வேறு யாரும் இன்னும் போடவில்லை. பள்ளி போனதைப் பார்த்த பிறகும், தன் வீடு தப்பிவிடும் என்றுதான் ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். நேற்று லியோன்டினா கடையில் நான்கைந்து பேர் கூடியிருந்தபோது அவள் சொன்னாள்: "ஸ்மரந்தா போடட்டும். அவளை விடவா நாங்க வீட்டுக்காகப் பாடுபட்டோம்? அவ போட்டா நாங்களும் போடுறோம்." மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

உன்னிடம் கேட்கக் கூடாது என்று தோம்னிகா என்னைத் தடுத்தாள். "அது அம்மா வீடு. அவங்களாத் தோணினாத்தான் போடணும்" என்றாள். அவளுக்குத் தெரியாமல்தான் இந்தக் கையெழுத்துத் தாளை உறையில் வைக்கிறேன். நேலு டிசம்பர் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை த்ரெவீசோவிலிருந்து கிளம்புகிறான். நீ போட்டால் நாலாம் தேதி இங்கே வந்துவிடும். போடாவிட்டாலும் உன்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொல்லும் உரிமை எனக்கு நிச்சயமாக இல்லை.

ஐந்து வருஷம் உன் கைகள் செய்த வேலையைக் கர்த்தர் கணக்கில் வைத்திருப்பார். அந்தக் கைக்கு அவர் பலம் தரட்டும். தாளில் என் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். அதற்கும் கீழே தொண்ணூற்றைந்து வரிகள் காலியாக இருக்கின்றன.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் தெரியாத
வலேரியு